மேல் வரி காலியாக இருக்கிறது

அன்புள்ள கவிஞரே,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. நீ திட்டுவதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்புரை அறுவை முடிந்தது, வலது கண்ணில் பழுதில்லை. சின்னவனுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் தங்கையைச் சந்தையில் பார்த்தேன். உடம்பு இளைத்திருக்கிறது, பேரம் இளைக்கவில்லை. நலம் விசாரிப்பு இத்தோடு போதும்.

பழைய தொட்டிக்குப் பக்கத்தில், நாம் சோடா மூடி பொறுக்கிய இடத்தில், நகராட்சி சமுதாயக் கூடம் எழும்பி நிற்கிறது. முகப்பில் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ஃபிளெக்ஸ் வந்த பிறகு என்னைத் தேடி வருவது அரிசி மண்டிச் சுவரும் கோயில் உண்டியலும்தான் என்று நீ கேலி செய்வாயே, இந்த முறை பதினெட்டு அடி முகப்பு! தூணுக்குத் தூண் பதினெட்டு, உயரம் மூன்று. இரண்டு வரி எழுதலாம். கீழ் வரி 'சமுதாயக் கூடம்', எட்டு எழுத்து, அதில் சண்டை இல்லை. சண்டை எல்லாம் மேல் வரிக்குத்தான்.

என்ன பெயர் வைப்பது என்று ஞாயிற்றுக்கிழமை கூடத்திலேயே ஒரு கூட்டம் போட்டார்கள். வார்டு உறுப்பினர் நல்ல மனிதர், "நீங்களே சொல்லுங்கள், தீர்மானத்தில் வைக்கிறேன்" என்றார். அறுபது பேர் வந்திருந்தார்கள், அறுபது பெயரும் வந்தன. நம் தலையாட்டி எழுந்து அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையைக் கால் மணி நேரம் சொன்னார். ஔவை அதை வாங்கித் தின்பதற்குள் டீ ஆறிவிட்டது. பையன்கள் பள்ளிக்கு அதியமான், பெண்கள் பள்ளிக்கு அவ்வையார், போதாததற்கு அதியமான்கோட்டை என்று ஓர் ஊரே இருக்கிறது. இன்னும் எத்தனை இடத்தில் அந்த இருவரை நிறுத்தி வைப்பது என்று ஒரு பெண் கேட்டாள். கைதட்டல். அதன் பிறகு ஒரு முன்னாள் முதல்வர், அவருக்குப் போட்டியாக இன்னொருவர். மூன்றாவது பெயர் விழுந்ததும் நாற்காலிகள் தள்ளப்பட்டன. யார் பெயரைச் சொன்னாலும், அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை, யாருடைய ஆள் என்றுதான் பார்க்கிறார்கள்.

இந்த இரைச்சலில் ஒரு செங்கல் சூளைக்காரர் எழுந்து, இருநூறு நாற்காலியும் ஜெனரேட்டரும் தருவதாகவும் தன் தாயார் பெயரை வைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஊர், பட்டம், சாதி எல்லாம் சேர்த்து முப்பத்தொரு எழுத்து. நான் மனதிலேயே நூல் அடித்துப் பார்த்தேன்: பதினெட்டு அடியில் அடக்கினால் ஒவ்வொரு எழுத்தும் தீப்பெட்டிக்கு அண்ணன் அளவுதான் வரும்.

அப்போதுதான் அந்தப் பைத்தியக்காரத்தனம் நடந்தது. நான் எழுந்து பேசினேன். ஆமாம், நான்தான். பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரையை விழுங்கியவனேதான்.

"சுப்பிரமணிய சிவா" என்றேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? நாம் இருவரும் ஒரே சைக்கிளில் பாப்பாரப்பட்டிக்குப் போனோம். நீ முன் கம்பியில், நான் மிதித்தேன், திரும்பும்போது முறை மாற்றுவதாகச் சொல்லி ஏமாற்றினாய். அங்கே அவர் சமாதியின் முன் நின்று நீ வாய்க்கு வந்ததைப் பாட, நான் அழுதேன். அது வியர்வை என்று இன்றுவரை சாதிக்கிறேன். அன்று கேட்டவை அப்படியே உள்ளே கிடந்திருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்தன. வத்தலக்குண்டில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர். 1908இல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போனார். உள்ளே ஆட்டு ரோமம் வெட்டும் வேலை, வெளியே வரும்போது உடம்பில் தொழுநோய். தொற்றிக்கொள்ளும் என்று ரயிலில் ஏற்றவில்லை. ஏற்றாவிட்டால் போ என்று கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கடைசியில் பாப்பாரப்பட்டியில், 1925 ஜூலை 23 அன்று, நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் சொன்னேன் என்றா நினைக்கிறாய்? பாதி சொன்னேன். மீதி தொண்டையில் நின்றது. ஒரு பையன், நல்ல பையன்தான், கல்லூரியில் படிக்கிறான், "ஐயா, அது கோபாலபுரம் சர்க்கரை ஆலையின் பெயர் இல்லையா?" என்று கேட்டான். சபை சிரித்தது. அவனைக் குறை சொல்ல முடியவில்லை. கரும்பு லாரியில் பார்த்த பெயர்தானே அவனுக்கு! இன்னொருவர், அவர் வெளியூர்க்காரர் என்றார். வேறொருவர் குரலைத் தாழ்த்தி அவருடைய சாதியைக் கணக்குப் போட்டார். கடைசியாகப் பின் வரிசையிலிருந்து ஓர் அம்மாள், "காது குத்தும் வளைகாப்பும் நடக்கும் இடத்துக்கு அந்த நோய்க்காரர் பெயரா?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டிய பதில் இரவு இரண்டு மணிக்கு வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். இந்தக் கூடத்துக்கு யார் வருவார்கள்? வாடகை மண்டபம் எடுக்க முடியாதவர்கள். வாடகை கையில் இருந்தும், 'அந்தத் தேதி காலியில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். எந்தத் தெருக்காரர்களுக்குத் தேதி காலியாக இருக்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மண்டபத்துக்காரனுக்கும் தெரியும். இங்கே ஏறாதே என்று சொல்லப்பட்ட ஒரு மனிதரின் பெயர் இந்த வாசலுக்குப் பொருந்தாவிட்டால் வேறு எந்த வாசலுக்குப் பொருந்தும்?

ஆனால் என்னையே நான் நம்பாத ஒரு காரணமும் இருக்கிறது. 1997 நினைவிருக்கிறதா? தெற்கே கலவரம் மூண்டு, போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரை எல்லாம் ஒரே உத்தரவில் எடுத்தார்களே. நம் பஸ்களில் எம்.ஜி.ஆர். தாயார் பெயரில் 'அன்னை சத்யா' என்று இருந்ததை அழிக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அதே பெயரை எழுதியதும் நான்தான். எழுதிய கூலியைவிட அழித்த கூலி அதிகம். பச்சையின் மேல் பச்சை அடித்தும், காலை வெயில் சாய்ந்து விழும்போது பழைய எழுத்தின் மேடு தெரியும். மனிதர் பெயர் என்றால் என்றாவது ஒருநாள் எவனாவது தூரிகையோடு வருவான். அதனால்தான் ஓர் இளம் ஆசிரியை 'தகடூர்க் கூடம்' என்று சொன்னபோது என் கை தானாகக் கொஞ்சம் மேலே போனது. தகடூர், நான்கே எழுத்து. நம் தருமபுரியின் பழம்பெயர். யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் எதிரியில்லை. 'டூ'வை வளைத்து எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் யாரையும் உறுத்தாத பெயர் யாரையும் எதையும் கேட்கவும் கேட்காது, இல்லையா? நீயே சொல். எனக்குக் குழப்பம்.

முடிவு எதுவும் ஆகவில்லை. கீழ் வரியை எழுதி முடி, மேல் வரியை விட்டுவை என்று சொல்லிவிட்டார்கள். எழுதிவிட்டேன். கருநீல எனாமல், வெள்ளை நிழல். 'கூ'வின் சுழியில் மட்டும் கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, கீழே நின்று பார்த்தால் தெரியாது, நீ வந்தால் கண்டுபிடிப்பாய். நேற்று மாலை கொத்தனார்கள் போன பிறகு சாரத்தில் ஏறி, மேல் வரியில் நூல் பிடித்து, சாக்பீஸால் 'தியாகி சுப்பிரமணிய சிவா' என்று எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு எழுத்து. இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் வைத்து அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. கீழே காவல்காரர் டார்ச் அடித்து, "யாருங்க அவரு, எஞ்சினியரா?" என்று கேட்டார். சாரத்தின் மேலேயே உட்கார்ந்து அவருக்கு முழுக் கதையையும் சொன்னேன். ஒரு இடத்திலும் தொண்டை அடைக்கவில்லை. கேட்டுவிட்டு, "ரயிலில் ஏத்தலையா? டிக்கெட் இருந்துமா?" என்றார். அதையே மூன்று முறை கேட்டார்.

சாக்பீஸை நான் துடைக்கவில்லை. யாரும் இதுவரை துடைக்கச் சொல்லவும் இல்லை.

மறு கூட்டம் 20ஆம் தேதி. சூளைக்காரர் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பேசப்போகிறார் என்று கேள்வி. என்னிடம் சாக்பீஸ்தான் இருக்கிறது, வாய் உன்னிடம் இருக்கிறது. பேரன் பரீட்சை, முழங்கால் வலி என்று பழைய பாட்டைப் பாடாதே. சேலத்தில் இறங்கினால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, ராத்திரி எந்நேரமானாலும் நிலையத்தில் நிற்கிறேன். வந்து பேசு. சிவாவுக்காகப் பேசினாலும் சரி, தகடூர்தான் சரி என்று தோன்றினால் அதையும் எல்லோர் முன்னாலும் சொல். உன்னிடம் தோற்றால் எனக்கு வெட்கமில்லை.

வரும்போது அந்த அரை அங்குல அணில்முடித் தூரிகையை எடுத்து வா. 1989இலிருந்து உன்னிடம்தான் இருக்கிறது, மறுக்காதே.

அன்புடன்,
உன் பெயிண்டர்