வெற்றிச் செய்தியின் பக்கத்திலேயே விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலுக்கலுக்கு மறுநாள் காலையில் நாளிதழை வாங்கும் பலர் முதலில் தேடுவது நாலு நம்பர் என்ற நான்கு இலக்க லாட்டரியின் முடிவைத்தான். 23 எண்கள் வரிசையாக நிற்கும். யாருக்காவது ஜேக்பாட் விழுந்திருந்தால் தொகை தடித்த எழுத்தில் இருக்கும். அதை வெல்ல எல்லாரும் சேர்ந்து எவ்வளவு விட்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் இருக்காது. இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளை நினைவுகூரும் கட்டுரைகளிலும் இதே குறையைப் பார்க்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கணக்கைப் பார்ப்போம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் முதல் மூன்று பரிசுகள், சிறப்புப் பரிசு 10, ஆறுதல் பரிசு 10. 1 மலேசிய ரிங்கிட்டுக்கு (100 சென்), 23 பரிசுக்கும் இடமுள்ள ‘பிக்’ வகையில் ஓர் எண் எடுத்தால் முதல் பரிசு 2,500 ரிங்கிட், இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு 180, ஆறுதல் பரிசு 60. இப்போது 10,000 எண்களையும் ஒருவரே தலா 1 ரிங்கிட்டுக்கு எடுத்துவிட்டார் என்று வையுங்கள். அவர் தோற்கவே முடியாது. 23 பரிசும் அவருக்குத்தான். கைக்கு வருவது 2,500, 1,000, 500, 1,800, 600, ஆக மொத்தம் 6,400 ரிங்கிட். போட்டது 10,000. எல்லாவற்றையும் வென்றவருக்கே 3,600 ரிங்கிட் நட்டம். ‘ஸ்மால்’ என்ற இன்னொரு வகையில் எடுத்தால் 3,500, 2,000, 1,000 என்று மூன்று பரிசு மட்டும். அதில் 6,500 திரும்பும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு புதன், சனி, ஞாயிறு என்று விடாமல் 1 ரிங்கிட்டுக்கு எடுப்பவருக்குச் சிறப்புக் குலுக்கல்களைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 156 குலுக்கல். அப்படி எடுக்கும் 100 பேரில் ஏறத்தாழ 70 பேருக்கு அந்த ஆண்டு முழுக்க ஓர் ஆறுதல் பரிசுகூட விழாது. 20 ஆண்டு எடுத்தால் செலவு 3,120 ரிங்கிட். காத்திருந்த முதல் பரிசோ 2,500. அதுவும் 100 பேரில் 27 பேருக்குத்தான் அந்த 20 ஆண்டில் ஒரு முறையாவது விழும்.

பிறகு ஏன் விட முடிவதில்லை? பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு: ‘ஒரு நம்பர்ல போச்சு’ என்ற உணர்வு. ஓர் எண்ணில் ஏதாவது ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றினால் 36 எண்கள் கிடைக்கும். குலுக்கலுக்கு 23 எண்கள் வருவதால், நம் எண் அவற்றில் ஒன்றை ஒரே இலக்கத்தில் தவறவிட ஏறத்தாழ 8 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வாரம் மூன்று குலுக்கல் என்றால் மாதத்துக்கு ஒரு தடவை. நான்கும் வெவ்வேறு இலக்கமாக இருந்தால், அதே இலக்கங்கள் இடம் மாறி வருவது ஆண்டுக்கு இன்னும் 8 தடவை. ஆக, மூன்று வாரத்துக்கு ஒரு முறையாவது அதிர்ஷ்டம் வாசல்வரை வந்து திரும்பியதுபோல் தோன்றும். அது நெருங்கி வருவதல்ல. எந்த எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் நடக்கும். கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய காரின் எண், வீட்டு எண், எதற்கும் இதில் சலுகை இல்லை. இடம் மாறி வந்ததே என்று வருந்தி 24 வரிசைகளையும் எடுத்தால் 24 ரிங்கிட். அதில் சராசரி நட்டம் 8 ரிங்கிட் 64 சென்.

6 எண்களைச் சரியாகச் சொல்ல வேண்டிய ஜேக்பாட்டில் இன்னொரு சிக்கல். 58 எண்களில் 6 எண்ணைத் தேர்வு செய்ய 4,04,75,358 வழிகள் உள்ளன. பிள்ளைகளின் பிறந்த தேதியை வைத்து 31க்குள்ளேயே நிற்பவர்கள் அதில் 2 சதவீதத்துக்கும் குறைவான வழிகளில் வந்து நெருக்கியடிக்கிறார்கள். அங்கே விழுந்தால் பங்கு போட ஆள் கூடும்.

நட்டம் சில்லறையாகப் போவதால் கண்ணில் படுவதில்லை. கணக்கு வைக்க நினைப்பவருக்கு ஒரு பள்ளி நோட்டில் மூன்று கட்டம் போதும்: தேதி, போட்டது, வந்தது. மூன்று மாதம், 39 குலுக்கல் எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கணக்கு பிசகுவது ஓர் இடத்தில்தான். ‘அடிச்ச காசுலதானே எடுக்குறேன்’ என்று, பரிசுப் பணத்தில் திரும்ப எடுத்ததை எழுதாமல் விட்டுவிடுவார்கள். 180 ரிங்கிட் விழுந்து அதில் 150க்கு மறுபடி எடுத்தால் கையில் நின்றது 30. கடனுக்கு எழுதிக்கொள்ளும் கள்ள நம்பர்காரர்களிடம் போகிறவர்களுக்கு இந்த நோட்டும் உதவாது. பணம் கையை விட்டுப் போவதே தெரியாமல் கடன் ஏறிவிடும்.

போர் வெற்றிக்கும் இப்படி ஒரு விலை உண்டு. அங்கே ரசீது பிந்தி வருகிறது. 1945இல் வென்ற பிரிட்டன், அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டது. 2 சதவீத வட்டி, 50 தவணை. கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2006 டிசம்பரில். சண்டை நடந்த காலத்தில் ரேஷனுக்கு வராத ரொட்டி, வென்ற பிறகு 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது. உணவு ரேஷன் முற்றாக நீங்க 1954 ஆயிற்று.

இந்த மலாயா மண்ணில் லாட்டரியும் போரும் ஒரே சீட்டில் சந்தித்தன. ஜப்பான்காரன் நம்மை ஆண்ட காலத்தில் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட ‘வாழைமர நோட்டில்’ பிற்பாடு வரிசை எண்கூட இல்லை, எழுத்துக்குறி மட்டும். கணக்கில்லாமல் அச்சடித்ததால் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. மக்கள் கையில் குவிந்த நோட்டை உறிஞ்ச, 1943இல் நிர்வாகமே ‘கோனான் சாய்க்கென்’ என்ற லாட்டரியை நடத்தியது. சீட்டு 1 டாலர். அதில் பரிசு விழுந்தவர்களும் இருந்தார்கள். 1945 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்கியது. வாழைமர நோட்டு செல்லாது என்றாயிற்று. பரிசை அரிசியாகவோ துணியாகவோ நகையாகவோ மாற்றிக்கொண்டவருக்கு ஏதோ மிஞ்சியது. நோட்டாகவே பெட்டியில் பூட்டி வைத்தவருக்கு, விடுதலை வந்த வாரத்தில் எல்லாமே போனது.

ரப்பர் தோட்டங்களிலிருந்து ரயில்பாதை போட சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோகப்பட்டவர்கள் கொடுத்த விலை இதைவிடக் கொடியது. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை 1943 அக்டோபரில் இணைந்தபோது அது ஜப்பானுக்கு ஒரு வெற்றி. அதற்காகத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் மடிந்தார்கள். இறந்த நேசநாட்டுக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ராணுவத்தில் ஒவ்வொருவருக்கும் பெயரும் எண்ணும் பதிவாகியிருந்ததால் போர் முடிந்ததும் தேடி எடுத்து அடக்க முடிந்தது. நம் பாட்டாளிகளுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. இன்றுவரை முழுப் பெயர்ப்பட்டியல் இல்லை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். முடிவு வெளியிடும் நாள்களில், பரிசுத்தொகை எந்த அளவு எழுத்தில் வருகிறதோ அதே அளவில், ‘1 ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 64 சென்’ என்று ஒரு வரி சேருங்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் போர் முடிந்ததை எழுதும்போது, சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைக் குடும்பங்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். தோட்டத்தின் பெயர், ஊர், போன ஆண்டு, உடன் போனவர்கள் என்று நான்கு விவரம் கேட்டால் போதும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் பிறையிலும் நிபோங் திபாலிலும் இன்னும் சிலர்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு