ஏலகிரியில் சைக்கிள் சீட்டை ஏத்திவிட்ட அண்ணனுக்கு

போன மாசம் ஏலகிரி மலைப்பாதையில் பச்சை ஹெல்மெட்டோட வந்தீங்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. பேர் சொல்லாமலே கிளம்பிட்டீங்க.

மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. தொப்பையும் புது மவுண்டன் பைக்குமா நான் மூணாவதிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துட்டேன். 'திரும்பிப் போ தம்பி'ம்பீங்கன்னு பார்த்தா, நேரா என் சீட்டைப் பார்த்தீங்க. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வெச்சா கால் மடங்காம நிக்கணும்னு, போல்ட் திருகுற உங்க ஆலன் கீயை எடுத்து ரெண்டு விரல் அளவு ஏத்திவிட்டீங்க. முட்டி வலி அப்பவே பாதி போச்சு. ஏற்றம் வர்றதுக்கு முன்னாடியே கியரைக் குறை, பேசிக்கிட்டே மிதிக்கிற வேகம் போதும், முடியலைன்னா இறங்கித் தள்ளு, யாரும் கேஸ் போட மாட்டாங்கன்னீங்க. (யூடியூபில் நான் பார்த்தவங்க எல்லாம் பறக்கிற ஆளுங்க!)

இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னதும், மண் தடத்துக்கு டயர் காத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னதும் இன்னிக்கும் கைகொடுக்குது.

ரொம்ப நன்றிண்ணே. இதைப் பார்த்தா ஒரு மெசேஜ் போடுங்க, டீ என் கணக்கு.