எந்த ஊர் என்ற கேள்வியையும் ஆராயுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியார் நிறுவனங்கள் ஆள் எடுக்கும் விதம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கோவைப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில், அதாவது ஆட்களின் வருகையையும் பதிவேடுகளையும் பார்க்கும் பிரிவில், 22 வருடம் வேலை பார்த்தவன் நான். கட்டுரையில் விட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரம், பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரித் தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு இன்டர்வியூ அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் என்று தெரியும் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆளை நேரில் பார்க்காமல், பெயரை மட்டும் பார்த்து நடந்தது இது.

சரி, இதையே அப்படியே தமிழ்நாட்டில் செய்தால் என்ன தெரியவரும்? முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்கள் இங்கேயும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் சாதி தெரியாது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலன் நம் வீட்டுப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் இன்றும் தெரிகிறது. முன்னால் இனிஷியல், பின்னால் பெயர், அவ்வளவுதான். இது நமக்குப் பெருமையான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் காகிதத்தில் தெரியாததை வாயைத் திறந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நான் கண்ணால் பார்த்தது அது.

ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் ஃபிட்டர், டர்னர் வேலைக்கு வருவார்கள். முதலில் வெர்னியர் அளவுகோலைக் கொடுத்து ஏதாவது ஒரு பாகத்தை அளக்கச் சொல்வோம். அதில் தேறியவன், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் பர்சனல் ஆபீசர் அறைக்குள் போவான்.

“எந்த ஊரு தம்பி?”

“பொள்ளாச்சிப் பக்கமுங்க.”

“பக்கம்னா?”

ஊர்ப் பெயரைச் சொல்வான். ஊருக்குள்ளேயா, வெளியிலா என்று அடுத்த கேள்வி வரும். அப்பா யார் தோட்டத்தில் வேலை பார்க்கிறார், குலதெய்வம் எது என்று போகும். இரண்டாவது கேள்வியிலேயே பையனுக்குப் புரிந்துவிடும், குரல் இறங்கிவிடும். வெர்னியர் பிடித்த கை உதறாதவன், இங்கே உட்கார்ந்து விரல்களைப் பிசைந்துகொண்டிருப்பான்.

ஒரு பையனை என்னால் மறக்கவே முடியவில்லை. அன்றைக்கு வந்தவர்களில் புஷ்ஷின் உள் விட்டத்தை 0.02 மி.மீ. வரைக்கும் சரியாக அளந்து சொன்னவன் அவன் ஒருவன்தான். முகவரியில் ‘காலனி’ என்று இருந்தது; எங்கள் பக்கம் அது தலித் மக்கள் குடியிருப்பைக் குறிக்கும் சொல். ஆபீசர் விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். புள்ளி வைத்த தாள்களைத் தனி ஃபைலில் போடுவது என் வேலை. போட்டேன். போகும்போது “லெட்டர் வருமுங்களா சார்?” என்று என்னிடம்தான் கேட்டான். வரும் என்று சொன்னேன். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது, அந்தப் பென்சில் புள்ளி என் கண்முன்னால் வந்து நின்றது.

இந்த மாதிரிக் கேள்விகளைப் பற்றியும் ஆய்வு இல்லாமல் இல்லை. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பக்கம் பெரிய நிறுவனங்களின் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007-இல் கட்டுரை வெளியிட்டார்கள். திறமையைத்தான் பார்க்கிறோம், சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணி என்ன என்பதை ஏறக்குறைய எல்லாருமே கேட்டார்கள். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. தமிழ்நாட்டுக்கு ரொம்பவும் பொருந்துவது இதுதான் என்பேன்.

பெண்களுக்கு வேறு கேள்விகள். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது, மாமியார் வீட்டில் விடுவார்களா. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியில் நான் கவனித்தது, ஆள் பிடிக்கும் வேலை வெளி ஏஜென்சிகள் கையில் இருந்ததைத்தான். கேள்வியை ஏஜென்ட் கேட்டுவிட்டால் கம்பெனி ஃபைலில் எதுவுமே இருக்காது.

இன்னும் கீழே போனால் ஃபைலே கிடையாது. நூல் மில்லுக்கும் ஜவுளிக் கடைக்கும் புரோக்கர் வேனில் ஆள் கொண்டுவந்து இறக்குவார். விண்ணப்பமும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று 1981-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 480 நாள் நெருங்கும்போது ஆளை நிறுத்திவிட்டு, அப்புறம் வேறு காண்டிராக்டர் பெயரில் அதே ஆளை எடுப்பதை நானே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். 4,808 விண்ணப்பம் அனுப்புகிற ஆய்வு இந்த இடத்துக்கு எட்டாது. கேட்டில் நின்று, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

அதனால் என் வேண்டுகோள் இது. நம் பல்கலைக்கழகங்களும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களும் இங்கே ஒரு ஆய்வு செய்ய வேண்டும். பெயரை மாற்றிப் பார்ப்பதோடு முகவரியையும் மாற்றிப் பார்க்கட்டும். அதே படிப்பு, அதே மார்க், ஒன்றில் மெயின் ரோடு, இன்னொன்றில் காலனி. இன்டர்வியூ முடிந்து வெளியே வருகிற பிள்ளைகளிடம், உள்ளே கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளட்டும். ஐ.டி. கம்பெனியின் எச்.ஆர். ரவுண்டையும் மருத்துவமனையில் நர்ஸ் எடுப்பதையும் இதில் சேர்க்க வேண்டும். உங்கள் பத்திரிகை முன்கை எடுத்தால் நடக்கும்.

என்னைப்போல டைம் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இனி வேலை போய்விடும் என்ற பயம் எங்களுக்கு இல்லை. யாராவது வந்து கேட்டால், அந்தத் தனி ஃபைலில் என்னென்ன போட்டோம் என்பதை நான் உட்கார்ந்து சொல்லத் தயார்.

இப்படிக்கு,
முன்னாள் டைம் ஆபீஸ் ஊழியர்,
கோயம்புத்தூர்.