சனிக்கிழமை கலந்துரையாடல்: எக்ஸ்எஃப்எல்லும் வீரர் நடத்தை விதிகளும்

வணக்கம் நண்பர்களே. வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு (அமெரிக்கக் கிழக்கு நேரம்) ஜூமில் கூடுகிறோம்.

2001இல் ஒரே சீசனோடு நின்றுபோன எக்ஸ்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்து லீகை 2020இல் மறுபடி தொடங்கப்போவதாக 2018 ஜனவரியில் அதன் நிறுவனரும் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்த நிறுவனத்தின் அப்போதைய தலைவருமான வின்ஸ் மெக்மேன் அறிவித்தார். குற்றப் பதிவு உள்ளவர்களுக்கு இடமில்லை, தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்றார். 2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் இனவெறியை எதிர்த்து, தேசிய கீதத்தின்போது மண்டியிட்டதால் எழுந்த சர்ச்சை அப்போதும் ஓயவில்லை.

1. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருமுறை பிடிபட்டவருக்கும் கதவை மூடலாமா? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி, யோசித்துவிட்டு வாருங்கள்.
2. கீத விதி பற்றி இரண்டு வரி எழுதி வாருங்கள்.
3. கட்சி அரசியல் வேண்டாம்.
4. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். அப்புறம் இணைப்பு அனுப்புகிறேன்.