ஷீஷா கூடங்களில் வேலைக்குச் செல்லும் தமிழ் இளைஞர்களுக்கு முன்னறிவிப்பும் பாதுகாப்பும் கோரும் மனு

அனுப்புநர்:
இராமநாதபுரம் மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, துபாய் தேரா பகுதியில் வசிக்கும் கணக்கர்
(பெயரும் தொடர்பு விவரங்களும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சேப்பாக்கம், சென்னை.

பொருள்: வளைகுடா நாடுகளின் உணவகங்களோடு இணைந்த ஷீஷா (ஹூக்கா எனப்படும் நீர்க்குழாய்ப் புகையிலை) கூடங்களில் பணியமர்த்தப்படும் தமிழர்களுக்குப் பயணத்திற்கு முன்பே வேலையின் தன்மையையும் உடல்நலக் கேட்டையும் தெரிவிக்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். துபாயின் தேரா பகுதியில், அல் ரிக்கா, அல் முரக்கபாத் தெருக்களை ஒட்டிச் சிரிய உணவகங்கள் பல இயங்கி வருகின்றன. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றைப் போல நாங்களும் விடுமுறை மாலைகளில் அங்கே சென்று உண்பது வழக்கம். சிவப்பு மிளகாயையும் வால்நட்டையும் மாதுளைப் பாகு சேர்த்து அரைக்கும் அலெப்போ நகரத்து முஹம்மராவையும், கோதுமை நொய்யோடு இறைச்சியைப் பிசைந்து பொரிக்கும் கிப்பேயையும், வறுத்த ரொட்டித் துண்டுகள் தூவிய ஃபத்தூஷையும் எங்கள் பிள்ளைகள் இட்லி, தோசையைக் கேட்பது போலவே கேட்டு வாங்கி உண்கிறார்கள். 2011இல் தொடங்கிய போரினால் நாட்டைவிட்டு வெளியேறிய சிரியர்கள் பலருக்கு இத்தகைய சமையற்கூடங்களே பிழைப்பாக அமைந்தன என்பதையும் அறிவோம். ஆகவே இம்மனு அந்த உணவையோ அதைச் சமைப்பவர்களையோ குறைகூற எழுதப்படுவதன்று.

இவ்வுணவகங்களில் சிலவற்றில் வெளித் திண்ணையிலோ மாடியிலோ ஷீஷா கூடம் தனியாக இருக்கிறது. உணவு முடிந்ததும் வாடிக்கையாளர்கள் அங்கே சென்று, நீர்க்குடுவையோடு இணைந்த நீண்ட குழாயில் பழவாசனை சேர்த்த புகையிலையை ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் இழுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குழாய்களைக் கழுவி, நீர் நிரப்பி, வெல்லப்பாகில் ஊறிய புகையிலையை மண்கிண்ணத்தில் அடைத்து, மேலே அலுமினியத் தாளைப் போர்த்தித் துளையிட்டு, கனன்ற கரித்துண்டுகளை இடுக்கியால் எடுத்து வைப்பவர்களில் நம் மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்களைப் பலமுறை கண்டு பேசியிருக்கிறேன். இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று ஊர்ப்பெயர் கேட்டாலே அவர்கள் முகம் மலரும்.

தங்கள் மேலான கவனத்திற்கு நான் கொண்டுவர விரும்புவது அவ்வேலையின் ஒரு கட்டத்தைத்தான். கரியை வைத்தவுடன் புகை தானாக வந்துவிடாது. பணியாளர் தம் வாயை வைத்துப் பலமுறை இழுத்து, புகை கெட்டியாக வருகிறதா என்று பார்த்து, பிறகே புதிய வாய்முனையைப் பொருத்தி வாடிக்கையாளரிடம் கொடுக்கிறார். கரி அவிந்து மாற்றும்போதும் சில நேரங்களில் இதையே மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. கூட்டம் மிகுந்த இரவுகளில் இப்படி எத்தனை குழாய்களுக்கு ஒருவரே புகையூட்ட வேண்டியிருக்கும் என்பதைத் தாங்களே உய்த்துணரலாம். பணம் கொடுத்து இழுக்கும் வாடிக்கையாளர் ஒரு குழாயின் புகையோடு எழுந்து போய்விடுகிறார். பணியாளரோ கூடத்தில் உள்ள அத்தனை குழாய்களின் புகையிலும் பங்கு பெறுகிறார்.

ஒரு மணி நேர ஷீஷாவில் உள்ளே செல்லும் புகையின் அளவு ஒரு சிகரெட்டின் புகையைப் போல் நூறு மடங்கிற்கும் மேலாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குறிப்பு கூறுகிறது. நீர் வழியே வருவதால் நஞ்சு வடிகட்டப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை வாடிக்கையாளர்களிடம் மட்டுமன்றிப் பணியாளர்களிடமும் இருக்கிறது, அது தவறு. புகையிலையின் தீங்கு ஒருபுறமிருக்க, எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் குறைத்துத் தலைவலி, தலைச்சுற்றல், மயக்கம் வரை கொண்டுசெல்லும். நியூயார்க் நகரின் ஷீஷா கூடப் பணியாளர்களிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், பணிநேரம் முடிந்த பிறகு அவர்களின் மூச்சில் இவ்வாயுவின் அளவு உயர்ந்திருந்தது பதிவாகியுள்ளது. "தலைவலி தினமும் வரும் அண்ணே, தூங்கினால் சரியாகிவிடும்" என்று பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவர்களில் நான் பேசியவர்கள் எவருக்கும் ஊரை விட்டுப் புறப்படும்போது இந்த வேலை இன்னதென்று தெரிந்திருக்கவில்லை. "ஹோட்டல் வேலை" என்ற ஒரு சொல்லோடு முகவரின் விளக்கம் முடிந்துவிடுகிறது. அமீரகத்தின் மனிதவள அமைச்சகம் பணிவாய்ப்புக் கடிதத்தை அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளி அறிந்த மொழியிலும் தர ஏற்பாடு செய்துள்ளது. அம்மொழிகளில் தமிழும் ஒன்று. ஆயினும் கடிதத்தில் பரிமாறுபவர், சமையலறை உதவியாளர் என்று பதவிப் பெயர் இருக்குமே தவிர, வாய்வைத்துப் புகையூட்டும் வேலை உண்டா என்பது அதில் விளங்காது.

தமிழ்நாட்டில் ஹூக்கா கூடங்களை நடத்துவது 2022ஆம் ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின்படி குற்றமாகும்; மீறுவோருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அமீரகத்திலோ உரிமம் பெற்று நடத்தப்படும் ஷீஷா கூடம் சட்டப்படியான தொழில். அதை மாற்றச் சொல்லும் உரிமை நமக்கில்லை. அத்தகைய கோரிக்கையும் இம்மனுவில் இல்லை. ஆனால் சொந்த மண்ணில் மக்களின் நலனுக்குக் கேடு என்று கண்டு தடுத்த ஒன்றில், அதே மண்ணின் பிள்ளைகள் ஏதுமறியாமல் போய் நிற்பதை அரசு அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

எனவே, வெளிநாடு செல்லும் தொழிலாளர்களுக்கு அளிக்கப்படும் பயணமுன் பயிற்சியில் ஷீஷா கூடப் பணியைப் பற்றிய ஒரு பகுதியைச் சேர்க்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சுற்றுலா விசாவில் வந்து வேலை தேடிக்கொள்பவர்களை அப்பயிற்சி எட்டாது என்பதால், எளிய தமிழில் ஒரு துண்டறிக்கை அச்சிட்டுத் திருச்சி, சென்னை விமான நிலையங்களில் கிடைக்கச் செய்வதும் தேவை. உணவக வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவுபெற்ற முகவர்களும், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அவ்வேலையில் ஷீஷா பணி அடங்குமா என்பதை விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று அறிவுறுத்தினால், விரும்பாதவர்கள் முன்கூட்டியே விலகிக்கொள்ள வழி பிறக்கும்.

வாயை வைக்காமலே புகையூட்டச் சிறு காற்றிழுப்பான்கள் சந்தையில் கிடைக்கின்றன. உரிமையாளர்களுக்கு அது பெருஞ்செலவன்று. கேட்பாரில்லாததால்தான் பல இடங்களில் அது பயன்பாட்டுக்கு வரவில்லை என்பது என் கருத்து. துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக இதனை அங்குள்ள அதிகாரிகளின் கவனத்திற்குக் கொண்டுசெல்லவும், ஷீஷா கூடங்களில் பணியாற்றும் தமிழர்களுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்த இங்குள்ள தமிழ் அமைப்புகளோடு பேசவும் தங்கள் துறை முன்வர வேண்டுகிறேன். முகாமுக்கு இடமும் தன்னார்வலர்களும் தேவைப்பட்டால், எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழர்கள் உதவ ஆயத்தமாக உள்ளோம்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைத் தனித்தாளில் உள்ள முகவரிக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
துபாய், தேரா