வாட்ச் சொன்னதும் ஈசிஜி சொன்னதும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை எந்த ஊர் என்று எழுத விட்டுவிட்டாயே என்று உன் மதினிக்குத்தான் குறை. என் முழங்கால் பழையபடிதான். மாடி ஏறுவதை விட்டாயிற்று, மொட்டைமாடித் தொட்டிச் செடிகளெல்லாம் இப்போது பேரன் பொறுப்பு.

இனி நீ கேட்ட விஷயம். பையன் அனுப்பிய வாட்ச் ராத்திரியில் ‘துடிப்பு சீராக இல்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம்’ என்று காட்டியது, தங்கச்சி விடிய விடியத் தூங்கவில்லை, மறுநாள் எடுத்த ஈசிஜி நார்மல். டாக்டர் ‘விளையாட்டுச் சாமான், கழற்றிப் போடுங்கள்’ என்கிறார். பையனோ ரத்தம் உறையாமல் இருக்க உடனே மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறான். இரண்டில் எது பொய் என்று கேட்கிறாய். இரண்டுமே பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆயுசில் பாதியை ஈசிஜி ரூமில் கழித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

வாட்ச்சின் பின்பக்கம் பச்சை விளக்கு மினுக்குமே, அது தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சத்தை அளக்கிறது. பச்சை வெளிச்சத்தை ரத்தம் நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் வெளிச்சம் குறையும். ஆக, இதயத்தின் மின்சாரத்தை அது பார்ப்பதே இல்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஏ.எஃப்., அதாவது அந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், என்றால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கும், இடைவெளிகள் தாறுமாறாக வரும். ஆனால் நம் வயசில் பலருக்கும் நடுநடுவே வருகிற எக்ஸ்ட்ரா துடிப்பும் அதன் கண்ணுக்கு அப்படியே தெரியலாம். பட்டை தளர்ந்திருந்தாலோ கை ஆடினாலோ கணக்கு கெடும். அதனால்தான் ஒரு தடவை பார்த்ததும் அது எச்சரிக்கை கொடுப்பதில்லை. ஆப்பிள் வாட்ச் சோதனையில் கை அசையாமல் இருக்கும்போது எடுத்த ஆறு பதிவில் ஐந்து, அதுவும் 48 மணி நேரத்துக்குள், ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் செய்தி போனது. சின்னதாக வந்து போவது இதில் தப்பிவிடும்.

அந்தச் சோதனையைப் பற்றித்தான் உன் பையன் ‘84 சதவீதம் சரி’ என்றும், உன் டாக்டர் ‘மூன்றில் ஒன்றுதான் சரி’ என்றும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தி 2019ல் வெளியிட்டது. 4,19,297 பேர் சேர்ந்தார்கள், எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். அவர்களுக்கு நெஞ்சில் ஒட்டுகிற ஈசிஜி பேட்ச்சைத் தபாலில் அனுப்பினார்கள். சரியாக ஒட்டித் திருப்பி அனுப்பியது 450 பேர். அதில் 34 சதவீதம் பேருக்குத்தான் ஏ.எஃப். பதிவானது. மீதிப் பேருக்கு வாட்ச் கதை விட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. பேட்ச் ஒட்டியபோது எச்சரிக்கை வந்து சராசரியாக இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏ.எஃப். ஆரம்பத்தில் வந்து வந்து போகிற ஜாதி. கரண்ட் போய்விட்டதென்று ஈ.பி.க்காரரைக் கூப்பிட்டால், அவர் வந்து நிற்கும்போது விளக்கு பளிச்சென்று எரியுமே, அந்த மாதிரிதான். பேட்ச் நெஞ்சில் இருக்கும்போதே வாட்ச்சும் எச்சரித்த தருணங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அதில் 84 சதவீதம் நிஜ ஏ.எஃப். ஃபிட்பிட் நடத்திய சோதனையும் இப்படித்தான்: பிறகு ஒட்டிய பேட்ச்சில் 32 சதவீதம், ஒரே நேரத்தில் பார்த்தால் 98.

உன் நார்மல் ஈசிஜி பத்து விநாடிப் பேப்பர். அந்தப் பத்து விநாடி நார்மல், அவ்வளவுதான். அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டோம், உனக்கு பிரஷரும் சுகரும் வேறு. ஏ.எஃப். நிஜமாக இருந்தால் பக்கவாதம் வர வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. எனவே டாக்டர் சொன்னதை நான் ஏற்கவில்லை.

பையன் சொல்வதையும் ஏற்கவில்லை. டென்மார்க்கில் எழுபது வயதைத் தாண்டிய சுமார் 6,000 பேரை எடுத்து, நாலில் ஒரு பங்குப் பேருக்குத் தோலுக்கடியில் பதிவுக் கருவியே வைத்துப் பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது. கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். தெரிந்தது, வைக்காதவர்களில் 12.2. வைக்காதவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலான பேருக்கு ரத்தம் உறையாத மாத்திரை போனபிறகும் பக்கவாதம் நிச்சயமாகக் குறைந்தது என்று காட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் வந்து போகிற ஏ.எஃப்.புக்கு எவ்வளவு வைத்தியம் வேண்டும் என்பது பெரிய டாக்டர்களுக்கே இன்னும் தீராத வழக்கு. அந்த மாத்திரையால் ரத்தக்கசிவு வரும் ஆபத்தும் உண்டு. வாட்ச்சை நம்பி அதை விழுங்காதே.

நீ செய்ய வேண்டியது: வேறு ஒரு இதய டாக்டரிடம் போ. உடம்பில் மாட்டிவிட்டு ஈசிஜியைத் தொடர்ந்து பதிகிற 24 மணி நேர ஹோல்டர் போதாது, ஏழு நாளோ பதினாலு நாளோ ஒட்டுகிற பேட்ச் கிடைக்குமா என்று கேள். எக்கோவும் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) தைராய்டு டெஸ்ட்டும் எடுத்துவிடு. தைராய்டு கூடினாலும் துடிப்பு இப்படி ஆடும். இன்னொன்று, மாரடைப்பை அந்த வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சை அழுத்தினால் அதைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108ஐக் கூப்பிடச் சொல், தங்கச்சிக்கும் இதைப் படித்துக் காட்டு.

பக்கவாட்டு பட்டனில் விரல் வைத்து 30 விநாடி ஈசிஜி எடுக்கிற வசதி உன் வாட்ச்சில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அடுத்த முறை படபடப்பு வந்தால் நடந்து திரியாமல் உட்கார்ந்து, கையை மேஜையில் வைத்து எடு. ‘முடிவு தெளிவில்லை’ என்று வந்தாலும் அழிக்காதே. டாக்டருக்கு ஒன்று பிரிண்ட் போட்டுவிட்டு எனக்கும் ஒன்று அனுப்பு. மேலறைகள் ஒழுங்காக இயங்கினால் ஈசிஜியில் தெரியும் சின்ன மேடான பி அலை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கண்ணில் இன்னும் பார்வை இருக்கிறது.

இப்படிக்கு,
உன் ராமு