பட்டப்பேரு வச்சது பசங்க இல்ல, நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்கூல் பசங்க ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்றதும் அடிச்சுக்கறதும் ஜாஸ்தியாயிடுச்சுன்னு போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுக்கு வந்த வாசகர் கடிதங்களையும் ஒண்ணு விடாம படிச்சேன். எல்லாரும் செல்போன சொல்றாங்க, சினிமாவ சொல்றாங்க, வீட்டுல பெத்தவங்க கண்டுக்கறதில்லன்னு சொல்றாங்க. அதெல்லாம் இல்லன்னு நான் சொல்லல. ஆனா அத்தனை கடிதத்துல ஒண்ணுலகூட டீச்சர்ங்கற வார்த்தையே இல்ல. 31 வருஷம் ஆறாப்புல இருந்து பத்தாப்பு வரைக்கும் கணக்கு எடுத்து ரிட்டையர் ஆனவ நான், அதனால எனக்கு அத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

1996ல ஏழாப்புல எனக்கு ஒரு பிள்ளை இருந்தா. கணக்கு தப்பில்லாம போடுவா, ஆனா போர்டுல இருக்கறத பாத்து எழுத ரொம்ப நேரம் எடுத்துக்குவா. நான் போர்ட அழிக்கப் போறப்பல்லாம் "மிஸ் மிஸ், இன்னும் முடிக்கல"ன்னு ஒரு குரல் வரும். ஒரு நாள் எரிச்சல்ல "என்ன ஆமை, இன்னும் ஊந்துக்கிட்டு இருக்கியா"ன்னு கேட்டேன், கிளாஸே சிரிச்சுச்சு. உண்மைய சொல்றேன், கிளாஸ் சிரிச்சது எனக்கும் அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு மூணு தடவை சொல்லிருப்பேன், அவ்ளோதான். நான் மறந்துட்டேன். கிளாஸ் மறக்கல.

அரைப்பரீட்சை சமயத்துல அந்தப் பிள்ளையோட அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல அரை நாள் லீவு சொல்லிட்டு ஸ்கூலுக்கு வந்தாங்க. ஸ்டாஃப் ரூம் வாசல்லயே நின்னுக்கிட்டு, "டீச்சர், பாப்பாவ எல்லாரும் ஆமை ஆமைன்னு கூப்பிடுறாங்களாம், நோட்டுல ஆமைப் படம் வரைஞ்சு வைக்கிறாங்களாம், சாப்பாட்டுக்குக்கூட யாரும் கூட உக்கார மாட்டேங்கறாங்களாம், நீங்க கொஞ்சம் சத்தம் போட்டு வைங்க"ன்னாங்க. யாரு ஆரம்பிச்சதுன்னு அவங்களுக்கு தெரியல, இல்ல தெரிஞ்சும் சொல்லலியோ என்னவோ. நான் நேரா கிளாஸுக்குப் போய் "யாரு இவளுக்கு இந்தப் பேரு வச்சது"ன்னு கத்தினேன். முதல் பெஞ்சுல ஒருத்தி எந்திரிச்சு ரொம்ப சாதாரணமா, "நீங்கதான மிஸ் கூப்பிட்டீங்க"ன்னு சொன்னா. அவ திமிரா சொல்லல, கேட்ட கேள்விக்கு பதில் சொன்னா, அவ்ளோதான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா, அவள உக்காருடின்னு அதட்டிட்டு பாடத்த ஆரம்பிச்சேன். ஆமைன்னு நான் கூப்பிட்ட பிள்ளைகிட்ட மன்னிப்பும் கேக்கல, தப்பு என்னோடதுன்னு கிளாஸ்ல சொல்லவும் இல்ல. எட்டாப்பு முடிச்சதும் அவ வேற ஸ்கூலுக்கு போயிட்டா.

பசங்க கிளாஸ்ல பாடத்த கவனிக்கறாங்களோ இல்லியோ டீச்சர் மூஞ்சிய நல்லா கவனிப்பாங்க. யாரு பேர சொல்றப்போ டீச்சர் குரல் மாறுது, யாரு நோட்ட கையில வாங்காம டேபிள்ல வைன்னு சொல்றாங்க, யாரு தப்பா சொன்னா சிரிக்க விடுறாங்க, யாரு தப்பா சொன்னா பரவால்லன்னு விட்டுடறாங்க, எல்லாம் அவங்களுக்கு ஒரே வாரத்துல மனப்பாடம். யார சீண்டுனா யாரும் கேக்க மாட்டாங்கன்னு அவங்களுக்கு அதுலதான் தெரிஞ்சு போகுது. மார்க் வரிசைல பேப்பர் குடுக்கற பழக்கத்தையே எடுத்துக்கோங்க. பத்தாப்பு, பிளஸ் டூ ரிசல்ட்டுல மாநில ரேங்க் சொல்றத நம்ம அரசாங்கம் 2017லயே நிறுத்திடுச்சு. ஆனா கிளாஸுக்குள்ள இன்னைக்கும் நூறுல ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, கடைசி நாலு பேப்பர் வர்றப்போ ஒரு பெருமூச்சு விட்டு, அந்த நாலு பேர நிக்க வச்சு குடுக்கற டீச்சர்ங்க இருக்காங்க. லீடர்னு ஒரு பிள்ளைய போட்டு, பேசுனவங்க பேர போர்டுல எழுத விடுறது இன்னொண்ணு. அந்த சாக்பீஸ் யாரு கையில இருக்கோ அவங்களுக்கு வேண்டியவங்க பேரு போர்டுல ஏறாது, வேண்டாதவங்க பேரு தினமும் ஏறும், நாம வந்து அந்த லிஸ்ட்ட வச்சே அடியும் குடுத்துருக்கோம். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுல அடிக்கறதோட சேத்து மன ரீதியா துன்புறுத்தறதையும் தடை பண்ணிருக்கு. அடிக்கறத பத்தி ஸ்கூல்ல பேசறோம், அந்த ரெண்டாவது பாதிய பத்தி நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு மீட்டிங்லகூட பேசினதில்ல.

என் பொண்ணு பி.எட் படிச்சப்போ ஒரு ஆராய்ச்சி பத்தி சொன்னா, கேட்டுட்டு எனக்கு தூக்கம் வரல. கனடால டொரன்டோ பக்கம் ஸ்கூல்கள்ல கேமராவும் மைக்கும் வச்சு பசங்க விளையாடற இடத்த படம் புடிச்சு பாத்துருக்காங்க. ஒரு பிள்ளைய சீண்டுற சம்பவங்கள்ல நூத்துக்கு 85க்கு மேல மத்த பசங்க சுத்தி நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்துருக்காங்க. டீச்சர் தலையிட்டது மைதானத்துல நூத்துக்கு 4 தடவைதான். ஆனா பாத்துக்கிட்டிருந்த பிள்ளைல ஒண்ணு உள்ள பூந்து "விடுறா"ன்னு சொன்னா, பாதிக்கும் மேல தடவை 10 செகண்டுக்குள்ள அது நின்னு போயிருக்கு. பத்து செகண்டு! அந்த ஒரு பிள்ளை வாய தொறக்கறதும் தொறக்காததும் அந்த கிளாஸ் எப்படி பழகியிருக்குங்கறத பொறுத்தது. என் கிளாஸ்ல யாரும் தொறந்துருக்க மாட்டாங்க, ஏன்னா சிரிக்கலாம்னு பெர்மிஷன் குடுத்ததே நான்.

இன்னொரு ஆராய்ச்சி அமெரிக்காவுல நடந்தது. ரெபேக்கா பிக்லர்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர், சின்னப் பசங்களுக்கு பாதிப் பேருக்கு நீல டீசர்ட், பாதிப் பேருக்கு மஞ்சள் டீசர்ட் போட்டு விட்டு சில வாரம் பாத்தாங்க. டீச்சர் அந்த கலர கண்டுக்கவே கண்டுக்காத கிளாஸ்ல ஒண்ணும் ஆகல. நீலம்லாம் இந்தப் பக்கம் உக்காரு, மஞ்சள்லாம் லைன்ல நில்லுன்னு டீச்சர் கலர வச்சு வேலை வாங்கின கிளாஸ்ல பசங்க எங்க கலர்தான் ஒசத்தின்னு ஆரம்பிச்சுட்டாங்க. டீச்சர் எந்தக் கலரையும் தாழ்த்திப் பேசல, பிரிச்சு கூப்பிட்டதுதான்.

இத படிக்கறப்போ நம்ம தென் மாவட்டத்துக்காரங்களுக்கு ஜாதிக்கு ஒரு கலர்னு கையில கட்டற கயிறு ஞாபகம் வராம இருக்குமா. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பிளஸ் டூ படிச்ச ஒரு தலித் பையன, கூட படிச்ச பசங்களே ராத்திரி வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமைல ஒரு நபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாங்க. கயிறு, மோதிரம், பொட்டு மாதிரி ஜாதி அடையாளம் கூடாது, அகர வரிசைல உக்கார வைக்கணும், அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்ல ஜாதி இருக்கக் கூடாது, டீச்சர் நேராவோ சுத்தி வளைச்சோ பிள்ளையோட ஜாதிய குறிப்பிடக் கூடாதுன்னு அதுல இருக்கு. கயிற பத்தி டிவில அவ்ளோ விவாதம் நடந்துச்சு. டீச்சர் பத்தி சொன்னது அப்படியே அடியில போயிடுச்சு. ஆனா ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்துருக்கு, எஸ்சிலாம் எந்திரிங்கன்னு கிளாஸ் நடுவுல கூப்பிடறத நானே பல வருஷம் கேட்டிருக்கேன். கெட்ட எண்ணத்துல இல்ல, அன்னைக்கே லிஸ்ட் அனுப்பணும்னு ஆபீஸ்ல அவசரப்படுத்துவாங்க. ஆனா எந்திரிச்ச பிள்ளைகள மத்தவங்க எப்படி திரும்பிப் பாப்பாங்கன்னு நாங்க யாரும் திரும்பிப் பாத்ததில்ல.

கம்ப்ளைன்ட் வந்தா நாங்க பண்றதையும் சொல்லணும். ஒரு பையன் வந்து மிஸ், இவங்க தினமும் என் பைய தூக்கிப் போடுறாங்கன்னு சொன்னா, ரெண்டு பேரையும் கூப்பிட்டு கை குடுத்துக்கோங்க, இனிமே சண்டை போடக் கூடாதுன்னு அனுப்பிடறது. அது சண்டையே இல்லீங்க. நார்வேல டான் ஓல்வியஸ்னு ஒரு பேராசிரியர் பல வருஷம் முன்னாடியே இத பிரிச்சு காட்டியிருக்காரு: வேணும்னே பண்றது, திரும்பத் திரும்ப பண்றது, பதிலுக்கு எதிர்த்து நிக்க முடியாத பிள்ளைய பாத்து பண்றது, இதுதான் புல்லிங். சண்டைல ரெண்டு பேருக்கும் சம பலம் இருக்கும். இதுல அடி வாங்குனவன போய் அடிச்சவன்கிட்ட கை குடுன்னா அவன் இனிமே எதுக்கு டீச்சர்கிட்ட வருவான். அத விடக் கொடுமை, இவன் சொல்றான் நீ இப்படி பண்ணியாமேன்னு கிளாஸ் முன்னாடியே கேக்கறது. அன்னைக்கு சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்ட்ல அந்தப் பையனுக்கு என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்த அம்மா வந்துட்டுப் போனதுக்கப்புறம் நான் ஒரே நாள்ல மாறல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சிலத விட்டேன். பேப்பர அட்டெண்டன்ஸ் நம்பர்படி மடிச்சு குடுக்க ஆரம்பிச்சேன். போர்டுல பேரு எழுதறத நிறுத்தினேன். பெஞ்சு மாத்தறத ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு வச்சேன், முதல்ல பசங்க முணுமுணுத்தாங்க, அப்புறம் பழகிட்டாங்க. (2025 ஜூலைல 'ப' வடிவத்துல உக்கார வைக்கறது பத்தி பேச்சு வந்து எல்லாரும் மீம் போட்டாங்களே, எனக்கு அது சிரிப்பா தெரியல. எங்க உக்கார வைக்கறோம்ங்கறது பெரிய விஷயம்தான், ஆனா 60 பேர் இருக்கற ரூம்ல 'ப' போட எடம் எங்க இருக்கு, யாரு பக்கத்துல யாருங்கறதுதான் நம்ம கையில இருக்கு.) எங்க பிடி சார் ஒருத்தர் ரெண்டு கேப்டன வச்சு ஆள் எடுக்க விடறத நிறுத்திட்டு, வரிசைல நிக்க வச்சு ஒண்ணு ரெண்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ண விட்டு டீம் பிரிச்சாரு. கடைசியா யாரும் எடுக்காம நிக்கற பிள்ளைன்னு ஒண்ணு அவரு பீரியட்ல இல்லாமப் போச்சு. அவருக்கு அது ஒரு நிமிஷ வேலை.

தனியா சாப்பிடற பிள்ளை இருந்தா, கிளாஸ்ல மதிப்பு இருக்கற, நல்ல மனசுள்ள ரெண்டு மூணு பேர தனியா கூப்பிட்டு, "அவள கொஞ்சம் சேத்துக்கோங்க, நான் சொன்னேன்னு காட்டிக்க வேண்டாம்"னு சொல்லுவேன். சில தடவை ஒட்டிக்கிச்சு, சில தடவை ஒட்டல. பின்லாந்துல இந்த மாதிரி சீண்டறத தடுக்க கிவான்னு ஒரு திட்டத்த 2009ல நாடு பூரா ஸ்கூல்களுக்கு கொண்டு வந்தாங்க, அதுல டீச்சருக்கு இதையே முறையா சொல்லிக் குடுக்கறாங்கன்னு ரிட்டையர் ஆனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது. பாதிக்கப்பட்ட பிள்ளைகிட்ட தனியா, சீண்டுனவங்ககிட்ட ஒவ்வொருத்தரா தனியா, அப்புறம் துணைக்கு நிக்கக் கூடிய பசங்ககிட்ட தனியா பேசணும், திரும்ப சில நாள் கழிச்சு என்னாச்சுன்னு கேக்கணும். எங்களுக்கு ட்ரெயினிங்னு எத்தனையோ நாள் போயிருக்கோம், இதுக்குன்னு அரை நாள்கூட போனதில்ல.

டீச்சர் மேல எல்லாத்தையும் தூக்கிப் போடறேன்னு என்கூட வேலை பாத்தவங்களே கோவப்படுவாங்க. பசங்க விவரத்த ஏத்தற எமிஸ் வெப்சைட்ல என்ட்ரி, எலெக்ஷன் வேலை, நூறு பர்சன்ட் ரிசல்ட் எங்கன்னு மேல இருந்து நெருக்கடி, எல்லாம் நானும் பாத்தவதான். அதனாலதான் சொல்றேன், கல்வித்துறை வருஷம் பொறக்கறப்போ ஜூன்ல முதல் வாரம் பாடத்த ஒதுக்கி வச்சுட்டு டீச்சர்களுக்கு இத சொல்லிக் குடுக்கட்டும், கம்ப்ளைன்ட் வந்தா என்ன செய்யணும்னு ஒரு முறைய எழுதிக் குடுக்கட்டும். கல்வித்துறை உதவி எண் 14417க்கும் குழந்தைங்க உதவி எண் 1098க்கும் போன் பண்ணலாம்னு செவுத்துல எழுதியிருக்கு, நல்ல விஷயம். ஆனா ஏழாப்பு பிள்ளை போன் பண்றதுக்கு முன்னாடி நாலு மாசம் நம்ம முன்னாடிதான உக்காந்துருக்கு.

உங்க நிருபர்கள்கிட்டயும் ஒண்ணு கேட்டுக்கறேன். இனிமே இப்படி ஒரு சம்பவம் நடந்து ஸ்கூலுக்குப் போனா, போன்ல என்ன பாத்தான், எந்தப் படம் பாத்தான்னு விசாரிக்கறதோட நிறுத்திடாதீங்க. அந்த கிளாஸ்ல அந்தப் பையன் யாரு பக்கத்துல உக்காந்தான், மதியம் யாரு கூட சாப்பிட்டான், அவன என்ன பேர் சொல்லி கூப்பிட்டாங்க, அந்தப் பேர முதல்ல யாரு சொன்னதுன்னு கேளுங்க. டீச்சர் சொல்லலன்னாலும் முதல் பெஞ்சுல இருக்கற பிள்ளை சொல்லும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்,
விருதுநகர் மாவட்டம்.